ஏலமலைச் சாரலின் பாலில்லா உணவு

போடிநாயக்கனூருக்குப் புதிதாக வருவோரை முதலில் வரவேற்பது அவ்வூரின் மணம். ஏலக்காய்க் கிட்டங்கிகள் நிறைந்த தெருக்களில் நடக்கும்போது, கண்ணை மூடிக்கொண்டாலும் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். அந்த மணத்தைப் பற்றிப் பேசியவர் பலர், எழுதியவர் பலர். ஆனால், அதை மலையிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் எதை உண்டு உழைத்தார்கள் என்று கேட்டவர் சிலரே. அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடையைச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம். நான் அதை நினைத்துப் பார்க்கக் காரணமாயிருந்தவள் என் பேத்தி.

பெங்களூரில் பணிபுரியும் அவள் சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தாள். மூன்று ஆண்டுகளாக அவள் பால், தயிர், மோர், நெய் எவற்றையும் தொடுவதில்லை. ஊன் உண்பதில்லை என்பதோடு நில்லாமல், உயிர்களிடமிருந்து பெறும் எதையுமே உண்பதில்லை என்பது அவளது கொள்கை. இதனை ஆங்கிலத்தில் ‘வீகன்’ என்கின்றனர். தமிழில் ‘நனிசைவம்’ என்று சிலர் எழுதுகின்றனர். நாம் வழக்கமாகச் ‘சைவச் சாப்பாடு’ என்று சொல்வதில் பாலுக்கும் நெய்க்கும் இடம் உண்டு. நனிசைவத்தில் அவற்றுக்கும் இடமில்லை.

அவளை அழைத்துக்கொண்டு போடியில் ஓர் உணவு விடுதிக்குச் சென்றேன். இலை போட வந்த தம்பியிடம் அவள், “அண்ணா, பால், தயிர், நெய் எதுவும் கலக்காமல் என்ன இருக்கிறது?” என்று கேட்டாள்.

“விரதமாம்மா?” என்றார் அவர்.

“விரதம் இல்லை அண்ணா. எப்போதும் அப்படித்தான்.”

அவர் சற்றே யோசித்தார். பிறகு விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார்: “இட்லி இருக்கு. உளுந்த வடை இருக்கு. ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் இருக்கு. சோறு, சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் இருக்கு. இதெல்லாம் நாம எப்பவும் சாப்பிடுறதுதானேம்மா! நெய்யையும் தயிரையும் விட்டுட்டாப் போச்சு.”

பேத்தி சிரித்தாள்; நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தத் தம்பியின் சொல் என் நெஞ்சில் சுழன்றுகொண்டே இருந்தது. நாம் எப்போதும் சாப்பிடுவதுதான், உண்மை. ஆயினும், அதை நாம் எவ்வாறு சாப்பிட்டோம், ஏன் சாப்பிட்டோம் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

அந்த வரலாற்றைச் சொல்வதற்கு முன், நிலத்தின் அமைப்பைச் சிறிது நினைவில் கொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவில், மழை மறைவான பகுதியில் அமைந்தது போடி. மலைக்கு மேலே மழையும் குளிரும். கீழே வெயிலும் செம்மண்ணும் கரிசலும். மேலே ஏலமும் தேயிலையும் காப்பியும் விளைந்தன. கீழே கம்பும் கேழ்வரகும் சோளமும் மொச்சையும் பருத்தியும் விளைந்தன. ஏலமலைக் காடுகள் திருவிதாங்கூர் அரசுக்கு உரியவை. அங்கே உழைத்தவருள் பெரும்பாலோர் தமிழ்நாட்டுச் சமவெளியினர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது, தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை ஆகிய வட்டங்கள் கேரளத்தைச் சேர்ந்தன. கோடு வரைபடத்தில் விழுந்தது. மலையேறும் கால்கள் நிற்கவில்லை.

மலைக்கும் ஊருக்கும் இடையே சரக்குகள் சென்ற கதை சுவையானது. மூணாற்றுத் தேயிலைக்காக 1902ஆம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடத் தொடங்கிற்று. 1908இல் அது சிறு இரயில் பாதையாக மாற்றப்பட்டது. அந்த வண்டி ‘டாப் ஸ்டேஷன்’ வரை வரும். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பி வடத்தில் தொங்கியவாறு கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடியிலிருந்து வண்டிகளில் போடிக்கு வரும். 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்துவிட்டது. அதன் பின்னர் 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு இரயில் வந்தது. இவ்வளவும் ஏடுகளில் இருக்கின்றன. தேயிலைக்கும் ஏலத்துக்கும் வடமும் வண்டியும் இருந்தன; தொழிலாளிக்கு இருந்தவை இரண்டு கால்களே. தலையில் ஒரு மூட்டை, கையில் ஒரு தூக்குவாளி. என் பேச்சு அந்தத் தூக்குவாளியைப் பற்றியது.

என் தாயார் ஏலத்தோட்டத்தில் காய் பறித்தவர். ஏலச்செடியின் காய்கள் உயரத்தில் தொங்குவன அல்ல. தூரிலிருந்து தரையோடு படர்ந்து வரும் சரங்களில் காய்ப்பன. ஆதலின் பறிப்பவர் நாள் முழுதும் குனிந்தோ குத்தவைத்தோதான் வேலை செய்ய வேண்டும். மழைக்காலமானால் காலில் அட்டை ஏறும். முதிர்ந்த காயையும் பிஞ்சையும் விரலே பிரித்தறிய வேண்டும். பறித்த பச்சைக்காய் ஏறத்தாழ ஐந்து கிலோ உலர்ந்தால் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். அது போடிக்கு வந்து, சலிக்கப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, ஏலத்துக்கு வரும். ஏலக்காயை ஏலம் விடுவது எங்கள் ஊரில் அன்றாடச் செய்தி. முதல் ‘ஏலம்’ நம் மலையின் சொல். இரண்டாவது போர்த்துகீசியர் வழியாக வந்த சொல் என்பர்.

விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்புகிறவர்க்கு, அல்லது வாரக்கணக்கில் மலையிலேயே தங்குகிறவர்க்கு, எந்த உணவு உதவும்? கெடாதிருக்க வேண்டும், சுமக்க எளிதாயிருக்க வேண்டும், வயிற்றில் நெடுநேரம் நிற்க வேண்டும், விலை குறைவாயிருக்க வேண்டும். பாலும் தயிரும் இந்நான்கில் ஒன்றிலும் தேறவில்லை. ஊரில் பசு வைத்திருந்த சிலரும் பாலை விற்றார்களேயன்றி வீட்டில் குடித்தாரில்லை. பிள்ளை பெற்றவளுக்கும் நோயாளிக்கும் அரைப்படி வாங்குவது உண்டு. மற்றவர்க்குப் பால் என்பது கோயிலில் அபிஷேகத்தின்போது காணும் பொருள்.

ஆகவே தூக்குவாளியில் இருந்தது கேப்பைக் களியும் கூழுமே. கேழ்வரகை எங்கள் பக்கத்தில் கேப்பை என்போம். கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டி, கட்டி விழாமல் துடுப்பால் கிண்டி, நனைத்த கையில் ஒட்டாத பதம் வரும்போது இறக்கி உருட்டினால் களி. அதைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். தொட்டுக்கொள்ள மொச்சைக் குழம்பு, கீரைக் கடைசல், கொள்ளுத் துவையல், புளியும் மிளகாயும் கரைத்த சாறு இவற்றுள் ஏதேனும் ஒன்று. எஞ்சிய களியை இரவில் நீரில் போட்டுவைத்துக் காலையில் கரைத்தால் இலேசான புளிப்போடு கூழாகும். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் இருந்தால் போதும். மோர் கிடைத்த நாளில் மோரும் சேரும். கிடைக்காத நாளே மிகுதி.

கேழ்வரகு நம் நாட்டில் தோன்றியதன்று. கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்களே அதன் தாயகம் என்று அறிஞர் கூறுவர். கம்பும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததே. வந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டமையால் அவை நம்முடையவை ஆகிவிட்டன. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. அதே அளவு பசும்பாலில் இருப்பது ஏறத்தாழ 120 மில்லிகிராம். இந்தக் கணக்கு என் தாயாருக்குத் தெரியாது. ‘கேப்பை தின்னவன் கல்லு தூக்குவான்’ என்ற அளவில் அவருக்குத் தெரியும்.

மலைக்கு மேலேயே வாழ்ந்த மக்களின் உணவும் பெரும்பாலும் மண்ணிலிருந்து வந்ததே. முதுவர் காடு திருத்திக் கேழ்வரகு விதைத்தனர். பளியர் காட்டு வள்ளிக்கிழங்கை அகழ்ந்து சுட்டும் அவித்தும் உண்டனர். வேட்டையும் தேனும் அவற்றோடு சேர்ந்தன. பழந்தமிழ்ப் புலவர் கபிலர் பறம்பு மலையைப் பாடுகையில், உழவர் உழாமலே அம்மலை தரும் உணவுகள் நான்கு என்று எண்ணிக் காட்டினார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். நான்கில் மூன்று மரமும் கொடியும் புல்லும் தருவன. மலை தரும் சோறு என்றால் தமிழர் நினைவுக்கு முதலில் வந்தவை இவை.

இனி, மலையின் மறுபுறத்திலிருந்து வந்த ஒரு கிழங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரவள்ளிக்கிழங்கு தென்னமெரிக்காவில் தோன்றியது. போர்த்துகீசியரால் நம் கரைக்கு வந்தது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதன் பயிரை மிகவும் ஊக்குவித்தார். கிழங்கு நஞ்சு என்று மக்கள் அஞ்சியதால், அரண்மனையிலேயே அதைச் சமைத்து உண்ணச் செய்தார் என்பது அங்கு வழங்கும் செய்தி. மக்களின் அச்சம் வீணன்று. அக்கிழங்கில் நஞ்சாகக்கூடிய ஒரு பொருள் உண்டு. ஆகவேதான் தோலுரித்து, நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும் என்று பெண்கள் கற்றுக்கொண்டனர். எந்த ஆய்வுக்கூடமும் அவர்களுக்கு அதைச் சொல்லவில்லை.

இக்கிழங்கு ஏழையின் இலையில் முதலிடம் பெற்றது இரண்டாம் உலகப் போரின்போது. திருவிதாங்கூர் தன் அரிசித் தேவையில் பெரும்பகுதிக்குப் பர்மாவை நம்பியிருந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. அரிசிக் கப்பல் நின்றது. உணவுப்பயிர் பெருக்குவதற்கென்று மலைக்காடுகள் குத்தகைக்கு விடப்பட்டன. ஏலத்தோட்டங்களின் ஓரமெல்லாம் மரவள்ளி எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தொழிலாளர் அதை அங்கிருந்த மலையாளிகளிடம் உண்ணக் கற்றனர். வெந்த கிழங்கு, காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் உப்பும் தட்டி எண்ணெய் விட்ட துவையல், பாலில்லாத கடுங்காப்பி. அடைமழையில், நனைந்த சேலையோடு அடுப்பருகில் உட்கார்ந்து உண்ட அந்த உணவைப்போல் உடம்புக்கு இதமானது வேறில்லை என்று என் தாயார் முதுமையிலும் சொல்வதுண்டு.

அதே போரின் நடுவில், 1944ஆம் ஆண்டு நவம்பரில், இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பவரும் சில நண்பர்களும் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். ஊன் உண்ணாமை மட்டும் போதாது, பாலும் முட்டையும் கூடாது என்பது அவர்கள் கருத்து. அதற்கென்று ஆங்கிலச் சொல்லொன்றைச் சுருக்கி ‘வீகன்’ என்ற புதுச்சொல்லையும் ஆக்கினர். அங்கே சிலர் மனச்சான்றின்படி பாலைத் துறந்தனர். அதே ஆண்டில் இங்கே எங்கள் மக்கள், துறப்பதற்கும் பால் இல்லாமல், கிழங்கும் கடுங்காப்பியும் உண்டு வேலைக்குப் போயினர். இரண்டு இலைகளிலும் இருந்தது ஏறக்குறைய ஒன்றே. இலைக்கு முன் அமர்ந்தவரின் நிலைதான் வேறு. ஒருவர் தெரிந்தெடுத்தார், மற்றவருக்கு வாய்த்தது அதுவே.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் மக்கள் ஊன் மறுத்தவர் அல்லர். கூலி கிடைத்த கிழமையில் கருவாடு வாங்குவர். திருவிழாவில் கறி சமைப்பர். ஆண்டின் பெரும்பாலான நாள்களில் அவர்கள் உண்டது பாலும் ஊனும் இல்லாத உணவு என்பதே நான் சொல்வது. அதைக் கொள்கை என்று போற்றினால் அவர்களுடைய வறுமையை மறைத்தவர் ஆவோம். வறுமை என்று மட்டும் சொல்லி ஒதுக்கினாலோ, அந்த வறுமையிலும் சுவையும் சத்தும் கண்ட அவர்களுடைய அறிவை மறந்தவர் ஆவோம்.

அந்த அறிவுக்கு நான் காட்டக்கூடிய சிறந்த சான்று பருத்திப்பால். மதுரைச் சீமைக்கு உரிய பானம் இது. பருத்தி விளையும் கரிசலில் பஞ்சை எடுத்தபின் எஞ்சுவது கொட்டை. அந்தக் கொட்டையை ஊறவைத்து ஆட்டி மாட்டுக்கு வைப்பர். மாடு நன்றாகப் பால் கறக்கும். மாடு இல்லாதவர் என்ன செய்தனர்? அதே கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து, அந்தப் பாலைத் தாமே காய்ச்சினர். சிறிது அரிசி மாவு கரைத்துவிட்டுக் கெட்டியாக்கி, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, தேங்காய்ப்பூத் தூவி, சூடாகக் குடித்தனர். நன்றாகக் கொதிக்கவிட வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. பச்சைப் பருத்திக்கொட்டை மனித உடம்புக்கு ஒவ்வாது. பசுவின் வழியாகச் சுற்றி வராமல் நேரே வந்த பால் என்று இதனைச் சொல்லலாம்.

பருத்திப்பால் என்றதும் எனக்கு 1961ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. அப்போது எனக்குப் பதினொரு வயது. உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த நாள். என் தாயார் வாரக் கூலியை வாங்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். “இன்னைக்கு நீ ஓட்டல்ல நெய்த்தோசை சாப்பிடணும் ஐயா” என்று சொல்லி என்னை ஒரு காப்பி ஓட்டலுக்கு அழைத்துச் சென்றார்.

அக்காலத்து ஓட்டல்களைப் பற்றி இளைஞர்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். காப்பியும் ஓட்டலும் நம் ஊர்களில் பரவியது இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில். யார் உள்ளே அமரலாம், யார் அமரக்கூடாது என்ற பாகுபாடும் அவற்றோடு வந்தது. 1938இல் சென்னை மாகாணத்திலும், 1955இல் நாடு முழுவதற்கும், தீண்டாமையைத் தடுக்கும் சட்டங்கள் வந்தன. ‘பிராமணாள்’ என்ற பெயர்ப்பலகையை எதிர்த்துப் பெரியார் சென்னைத் திருவல்லிக்கேணியில் கிளர்ச்சி நடத்தியது 1957இல். சட்டம் வந்த பிறகும் பழக்கம் உடனே போய்விடவில்லை. பல ஊர்களில் ஒரே கடையில் இருவகைத் தம்ளர்கள் இருந்தன.

நான் உள்ளே சென்று அமர்ந்துவிட்டேன். புதுச்சட்டை அணிந்த பள்ளிப் பையனை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏலக்கறை படிந்த கையும் மண் ஒட்டிய சேலையுமாக என் தாயார் வந்தபோது, கல்லாவில் இருந்தவர், “நீ வெளியே நில்லும்மா, காப்பி வரும்” என்றார். வெளித்திண்ணையில் தனியாக வைத்திருந்த தம்ளரில் அவருக்குக் காப்பி கொடுத்தார்கள். அவர் அதை வாங்கினார். ஒரு கணம் பார்த்தார். குடிக்காமல் திண்ணையிலேயே வைத்துவிட்டார். எனக்கும் தமக்கும் உரிய காசைக் கொடுத்துவிட்டு, தெருவின் எதிர்ப்பக்கத்தில் பருத்திப்பால் விற்றவரிடம் போய், ஒரு தம்ளர் வாங்கி நின்றபடியே குடித்தார். அந்தப் பருத்திப்பால்காரரிடம் எல்லார்க்கும் ஒரே தம்ளர்தான்.

நேயர்களே, அன்று எனக்குக் கோபம் வந்தது. அந்த ஓட்டல்காரர்மீது அன்று, என் தாயார்மீது. நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா, பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் பருத்திப்பால் குடிக்க வேண்டுமா என்று எண்ணினேன். மறுநாள் முதல் பள்ளிக்குக் களி கொண்டுபோக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் வாதாடவில்லை. எங்கிருந்தோ அரிசி வாங்கி எனக்கு மட்டும் சோறு பொங்கிக் கொடுத்தார். தாம் களியே உண்டார். இவ்வாறு ஐந்து ஆண்டுகள். அந்த அரிசிக்கு அவர் எத்தனை நாள் கூடுதலாகக் குனிந்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

உணவில் உயர்வு தாழ்வு உண்டு என்ற எண்ணம் எவ்வாறு ஒரு வீட்டுக்குள் நுழைகிறது என்பதற்கு இதைக் கூறினேன். ஓட்டலில் நெய் என்பது விலையின் அடையாளம். அதே மாவும் அதே உளுந்தும்தான். மேலே நெய் விழுந்தால் மதிப்பு. பாலூற்றிய காப்பி மதிப்புடையது. கடுங்காப்பி இல்லாதவனுக்கு உரியது. அரிசி மதிப்புடையது, கேப்பை காட்டாருக்கு உரியது. இந்த அளவுகோலை யாரும் எங்களுக்குப் பாடமாக நடத்தவில்லை, நாங்களே கற்றுக்கொண்டோம்.

பின்னர்க் காலம் மாறிற்று. 1970இல் ‘வெண்மைப் புரட்சி’ எனப்பட்ட பால் பெருக்கத் திட்டம் தொடங்கியது. ஊர்தோறும் பால் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. 1981இல் தமிழ்நாட்டில் மாநிலக் கூட்டுறவு இணையம் ‘ஆவின்’ என்ற பெயரோடு பாலை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. கூலித் தொழிலாளியின் வீட்டிலும் காலையில் பால் கலந்த தேநீர் கொதித்தது. என் மனைவி முதன்முதலாகப் பால் அட்டை வாங்கிய நாளில் என் தாயார் அடைந்த மகிழ்ச்சியை நான் மறவேன். ஆகவே, பாலை வெறுத்துப் பேச எனக்கு மனம் வாராது. நெடுங்காலம் சிலருக்கே உரியதாயிருந்த ஒன்று எல்லார்க்கும் கிடைத்ததும் ஒரு நீதியே.

இப்போது மீண்டும் சக்கரம் சுழல்கிறது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. பெருநகர விடுதிகளில் கேழ்வரகும் கம்பும் அரிசியைவிட அதிக விலைக்கு விற்கின்றன. போடி இரயில் பாதையும் அகலப்படுத்தப்பட்டு, 2023 ஜூன் மாதத்தில் மீண்டும் வண்டி ஓடத் தொடங்கியது; அந்த வண்டியில்தான் என் பேத்தி வந்தாள், கேப்பைக் களி உண்ண ஆசைப்பட்டு.

என் மனைவி களி கிண்டினாள். மொச்சைக் குழம்பு வைத்தாள். மரவள்ளிக் கிழங்கை அவித்துக் காந்தாரித் துவையல் அரைத்தாள். பேத்தி முதலில் களியை மென்றாள்; மெல்லக்கூடாது என்று பாட்டி சொல்லிக் கொடுத்தாள். பாலின்றி உண்பவர்க்கு பி-12 என்னும் உயிர்ச்சத்து குறையும் என்பதால் மருத்துவர் சொற்படி மாத்திரை எடுத்துக்கொள்வதாகவும் அவள் கூறினாள். நல்லது. செடிகொடிகளின் உணவில் அச்சத்து கிடைப்பதில்லை. தெரிந்தெடுத்து உண்பவர்க்கு இந்த அறிவும் வேண்டும்.

உண்டு முடித்தபின் அவள் கேட்டாள்: “தாத்தா, கொள்ளுப்பாட்டி இந்தச் சாப்பாட்டுக்கு என்ன பெயர் சொல்வார்கள்?”

நான் சொன்னேன்: “பெயர் ஒன்றும் இல்லை தாயி. ‘கஞ்சி எடுத்துக்கிட்டேன், போயிட்டு வாரேன்’ என்பாள். அவ்வளவுதான்.”

அன்று மாலை அவளை அழைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குச் சென்றேன். தள்ளுவண்டியில் பருத்திப்பால் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு தம்ளர் வாங்கினோம். அங்கே நின்றபடியே, 1961ஆம் ஆண்டில் நடந்ததை அவளிடம் சொன்னேன். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நான் யாரிடமும் சொல்லாத செய்தி அது. அவள் ஒன்றும் பேசவில்லை. தம்ளரைக் காலி செய்துவிட்டு, “இன்னொன்று வாங்கலாமா தாத்தா?” என்றாள்.

இப்போதும் விடியுமுன் ஜீப்புகள் ஆள்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகின்றன. அவற்றில் அமர்ந்திருக்கும் பெண்களின் மடியில் தூக்குவாளி இருக்கிறது. உள்ளே இருப்பது இன்று பெரும்பாலும் அரிசிச்சோறு. உயிர்களிடத்தில் இரக்கம் கொண்டு பாலையும் நெய்யையும் துறப்போர் போற்றத்தக்கவர். அந்த இரக்கம் ஏலக்காய் பறிக்கும் கைகளையும் எட்ட வேண்டும் என்பதே என் விருப்பம்.

நேயர்கள் எனக்காக ஒன்று செய்ய வேண்டும். உங்கள் வீட்டில் முதியோர் இருந்தால், அவர்கள் இளமையில் எதை உண்டார்கள், எப்படிச் சமைத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த உணவுக்காக அவர்கள் எங்கேனும் தலைகுனிய நேர்ந்ததா என்றும் கேளுங்கள். நான் என் தாயாரிடம் கேட்கத் தவறிவிட்டேன்.